விழுந்ததால் முறிந்ததா?



நான் மருத்துவன் அல்லன். தென் மத்திய ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி, 2020-ஆம் ஆண்டு ஓய்வு பெற்ற டிப்ளமோ பொறியாளன். போவன்பள்ளியில் சொந்த வீடு கட்டிக் குடியேறி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மருத்துவத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டில் நடந்ததும், நான் செய்த தவறும்தான் என் தகுதி. அந்தத் தவறு உங்கள் வீட்டில் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2017-ஆம் ஆண்டு, மழைக்காலம். குளியலறை வாசலில் போட்டிருந்த மிதியடி வழுக்கி என் மனைவி கீழே விழுந்தாள். பெரிய விழுகை என்று சொல்ல முடியாது. கையை ஊன்றித் தானே எழுந்தும் விட்டாள். ஆனால் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பு முறிந்திருந்தது. அப்போது அவளுக்கு வயது 54. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்ததும், "இனிமேல் பார்த்து நடங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாங்களும் மிதியடியைத் தூக்கி எறிந்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்தோம்.

இரண்டு ஆண்டுகள் சென்றன. 2019-இல் ஒரு நாள் தண்ணீர் வரும் நேரம். நிறைந்த பக்கெட்டைக் குனிந்து தூக்கியவள், "என்னங்க!" என்று ஒரே குரல் கொடுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதுகில் தாங்க முடியாத வலி. வாயுப்பிடிப்பு என்று ஒருவர் சொன்னார். தசைப்பிடிப்பு என்று இன்னொருவர் சொன்னார். தைலம் தேய்த்தோம், ஒத்தடம் கொடுத்தோம். மூன்று வாரம் சென்றும் வலி குறையாததால் வேறொரு எலும்பு மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் எடுத்த எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் ஒரு கட்டை முன்பக்கம் நசுங்கி, ஆப்பு வடிவத்தில் இருந்தது.

அந்த மருத்துவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ரெண்டு வருஷம் முன்னால மணிக்கட்டு உடைஞ்சப்பவே எலும்பு அடர்த்தி பார்த்தீங்களா, சார்?"

நான் பதில் சொல்லவில்லை. என் மனத்தில் பழைய நினைவு ஒன்று வந்து நின்றது. பணியில் சேர்ந்த புதிதில், ஒரு குளிர்கால விடியற்காலையில், தண்டவாளம் முறிந்துவிட்டதாகச் செய்தி வந்து ஓடினேன். அங்கே நின்றிருந்த வயதான கீமேன், முறிந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டித் தெலுங்கில் சொன்னார்: "சார், இது இன்றைக்கு உடையவில்லை. இன்றைக்குத்தான் நமக்குத் தெரிந்தது." முறிந்த முகப்பில் பெரும்பகுதி துருவேறிக் கறுத்திருந்தது. ஓரத்தில் மட்டும்தான் புது உலோகத்தின் பளபளப்பு. உள்ளே பல மாதங்களாக வளர்ந்த விரிசல் அது. குளிரில் இரும்பு சுருங்கியது கடைசிக் காரணமே தவிர, மூல காரணம் அன்று.

தண்டவாளத்தின் உள்ளே மறைந்திருக்கும் குறையை அல்ட்ராசோனிக் கருவி கொண்டு தேடுவதை ஆயுள் முழுவதும் மேற்பார்வை செய்த நான், என் வீட்டில் ஓர் எலும்பு முறிந்தபோது மிதியடியைக் குற்றம் சொல்லிவிட்டுப் போனேன். இதுவே என் தவறு.

எலும்புக்குள் நடக்கும் பராமரிப்பு

அந்த நோயின் பெயர் ஆஸ்டியோபோரோசிஸ். தமிழில் எலும்புப்புரை என்கிறார்கள். எலும்பின் கனம் குறைந்து, உட்புறம் சல்லடைபோல் புரைபட்டு, சிறு அதிர்ச்சிக்கும் முறியும் நிலை. வலி இராது, வீக்கம் இராது, காய்ச்சல் இராது. முதல் அறிகுறியே பெரும்பாலும் எலும்பு முறிவுதான்.

எலும்பு என்பது செங்கல்போல் ஒருமுறை வைத்தால் அப்படியே இருக்கும் பொருள் என்று நான் நினைத்திருந்தேன். அது சரியன்று. எலும்புக்குள் இரண்டு வகை உயிரணுக்கள் ஓயாமல் வேலை செய்கின்றன. ஒன்று பழைய எலும்பை அரித்து அகற்றுகிறது. மற்றொன்று அந்த இடத்தில் புது எலும்பைக் கட்டுகிறது. வளர்ந்த மனிதரின் எலும்புக்கூட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. எங்கள் இருப்புப்பாதையில் ஒரு கேங் பழைய ஜல்லியையும் தேய்ந்த கட்டையையும் எடுத்துக்கொண்டே போக, பின்னால் வரும் கேங் புதியதைப் போட்டுக்கொண்டே வருவதைப் போன்றது இது. இரண்டும் சம வேகத்தில் நடந்தால் பாதை நிற்கும். எடுப்பவர் வேகம் கூடி, போடுபவர் பின்தங்கினால்?

பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் நடப்பது இதுதான். ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்தான் அரிக்கும் அணுக்களைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. அது குறைந்ததும் அரிப்பு வேகம் எடுக்கிறது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாறு ஆண்டுகளில் சில பெண்கள் தங்கள் எலும்புக் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூட இழப்பதுண்டு. ஆண்களுக்கும் வயதாக ஆக எலும்பு குறைகிறது, ஆனால் மெதுவாக.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். உடலில் உள்ள கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. மீதி ஒரு விழுக்காடு இரத்தத்திலும் தசைகளிலும் இருந்துகொண்டு, இதயத் துடிப்புக்கும் நரம்பின் வேலைக்கும் உதவுகிறது. இரத்தத்தில் கால்சியம் குறைய உடல் அனுமதிக்காது. உணவில் வராவிட்டால் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். வரவு இல்லாமல் சேமிப்பிலிருந்தே எடுத்துச் செலவழிக்கும் குடும்பத்தின் கதைதான்.

நம் ஊரிலேயே நடந்த ஆய்வு

"இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் நோய். வேலை செய்து, வெயிலில் திரியும் நமக்கு வராது" என்று என் மைத்துனர் சொன்னார். அவருக்குப் பதில் சொல்லத் தேடியபோது, பதில் நம் ஊரிலேயே இருந்தது.

செகந்திராபாத் ஸ்டேஷனைத் தாண்டித் தார்நாகா போகும் வழக்கமுள்ளவர்கள், உஸ்மானியா பல்கலைக்கழகத்தை ஒட்டியுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வாசலைப் பார்த்திருப்பீர்கள். இந்த நிறுவனம் பிறந்தது நம் தமிழ் மண்ணில் என்பது பலருக்குத் தெரியாது. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கியதுதான் இதன் ஆரம்பம். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1958-இல், நம்மில் பலரைப் போலவே அதுவும் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் அதன் இயக்குநராக இருந்து புகழ் சேர்த்த டாக்டர் சி.கோபாலன் சேலத்தில் பிறந்தவர்.

அந்த நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் வீணா சத்ருக்னாவும் அவருடைய குழுவினரும், குறைந்த வருமானமுள்ள குடும்பங்களைச் சேர்ந்த 30 முதல் 60 வயது வரையான 289 பெண்களின் எலும்பு அடர்த்தியை அளந்து, முடிவுகளை 2005-இல் வெளியிட்டனர். தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் 29 விழுக்காட்டினருக்கு எலும்புப்புரையும், மேலும் 52 விழுக்காட்டினருக்கு அதற்கு முந்தைய நிலையான குறைந்த அடர்த்தியும் இருந்தன. இவர்களில் பலருக்கு இன்னும் மாதவிடாய்கூட நிற்கவில்லை. அவர்கள் உணவில் ஒரு நாளைக்குக் கிடைத்த கால்சியம் சுமார் 270 மில்லிகிராம் மட்டுமே. உழைக்காதவர்கள் அல்லர் அவர்கள். உழைப்பு இருந்தது, எலும்பு கட்டச் சரக்கு இல்லை.

நாம் வசதியான குடும்பம், நமக்கு அந்தக் கவலை இல்லை என்று எண்ண வேண்டாம். என் மனைவியின் சாப்பாட்டை நான் ஒரு வாரம் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு வேளை காப்பியில் சிறிது பால், மதியம் ஒரு கரண்டி தயிர், சோறு, சாம்பார், இட்லி. எல்லாவற்றையும் கூட்டினாலும் 400 மில்லிகிராமைத் தாண்டவில்லை. வளர்ந்தவர்களுக்கு நாளைக்கு 1000 மில்லிகிராம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 என்பது அதே நிறுவனம் 2020-இல் வகுத்த அளவு. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, பால் மீந்தால் தனக்கு என்று இருந்தவள் அவள். நம் வீட்டுத் தாய்மார்கள் பலரும் அப்படித்தானே?

யாரெல்லாம் கவனிக்க வேண்டும்?

மாதவிடாய் நின்ற பெண்கள் அனைவரும் கவனிக்க வேண்டும். 45 வயதுக்கு முன்பே நின்றவர்களும், கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் அறுவைச் சிகிச்சையில் அகற்றிக்கொண்டவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தாய்க்கோ தந்தைக்கோ இடுப்பெலும்பு முறிந்திருந்தால், மிகவும் ஒல்லியான உடல்வாகாக இருந்தால், புகை, மது பழக்கம் இருந்தால் ஆபத்து கூடும். ஆஸ்துமா, மூட்டுவாதம் போன்றவற்றுக்காகப் பல மாதங்கள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களின் எலும்பு வேகமாகக் கரையும். மூட்டுவலி உடனே போகும் என்று பெயர் எழுதாத பொட்டலத்தில் கொடுக்கப்படும் சூரணங்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு, எச்சரிக்கை தேவை. ஆனால், மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடவும் கூடாது.

ஆண்களே, நாமும் விலக்கு அல்ல. உலக அளவில் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களில் மூவரில் ஒருவருக்கும், ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் மீதி வாழ்நாளில் இந்நோயால் ஓர் எலும்பாவது முறியும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஓர் அறிகுறி உண்டு. அது உயரம். எங்கள் சமையலறை மேல்தட்டில் காப்பித்தூள் டப்பா இருக்கும். "அந்த டப்பாவைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க" என்று என் மனைவி கேட்கத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. தட்டு அங்கேயேதான் இருந்தது, அவள்தான் குறைந்திருந்தாள். முதுகெலும்புக் கட்டைகள் சத்தமில்லாமல் நசுங்கும்போது உயரம் குறைகிறது, முதுகு வளைகிறது. இளமையில் இருந்த உயரத்தைவிட நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. நம் பாட்டிமார்கள் பலர் கூனிப்போனதை முதுமையின் இயல்பு என்று எண்ணினோம். அவர்களில் எத்தனை பேருக்கு முதுகெலும்பு முறிந்திருந்ததோ!

பரிசோதனை

எலும்பு அடர்த்தியை அளக்கும் பரிசோதனையின் பெயர் டெக்ஸா. மேசையில் படுத்திருந்தால் போதும். இருவேறு சக்தி கொண்ட எக்ஸ்ரே கதிர்களைச் செலுத்தி, அவற்றை எலும்பு எவ்வளவு தடுக்கிறது என்பதைக் கொண்டு கனத்தைக் கணக்கிடுகிறார்கள். ஊசி இல்லை, வலி இல்லை, கதிர்வீச்சும் மிகக் குறைவு. கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இடுப்பையும் கீழ் முதுகையும் அளப்பார்கள்.

முடிவை 'டி ஸ்கோர்' என்னும் எண்ணாகத் தருவார்கள். நல்ல நிலையிலுள்ள இளவயதினரின் சராசரியோடு ஒப்பிட்ட எண் அது. மைனஸ் 1-க்கு மேல் இருந்தால் இயல்பு. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடையில் இருந்தால் குறைந்த அடர்த்தி. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. இது உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த அளவுகோல். என் மனைவியின் முதுகெலும்பு எண் மைனஸ் 3.2.

சங்கங்களிலும் குடியிருப்புகளிலும் நடக்கும் இலவச முகாம்களில் குதிகாலை மட்டும் ஒரு சிறு அல்ட்ராசவுண்டு கருவியில் வைத்துப் பார்ப்பார்கள். அதை முதற்கட்டச் சல்லடையாகக் கொள்ளலாம். அதை மட்டும் நம்பி நோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ முடிவு கட்டக் கூடாது.

டெக்ஸாவோடு இரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி, சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றையும் மருத்துவர் பார்க்கச் சொன்னார். காரணம், வைட்டமின் டி மிகவும் குறைந்தால் எலும்பு புரைபடுவதோடு மென்மையாகவும் ஆகிவிடும். அது ஆஸ்டியோமலேசியா என்னும் வேறு நோய். உடம்பெல்லாம் எலும்புவலி, தரையிலிருந்து எழச் சிரமம் ஆகியவை அதன் குறிகள். இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

போவன்பள்ளி மார்க்கெட்டில் கிடைக்கும் மருந்து

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள்களின் அட்டவணையைப் பார்த்தால், நம் முன்னோரின் சமையலே பாதி மருந்து என்பது விளங்கும். நூறு கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியில் பத்துகூட இல்லை. நூறு மில்லி பசும்பாலில் சுமார் 120. முருங்கைக்கீரையிலும் தண்டுக்கீரையிலும் நூறு கிராமுக்கு 300-க்கு மேல். எள்ளில் ஆயிரத்துக்கும் மேல். கறிவேப்பிலையில் 600-க்கு மேல். அதைத்தான் நாம் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கிறோம்!

இங்கே புதிதாகக் குடிவந்த குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. மார்க்கெட்டில் முருங்கைக்கீரையை 'முனகாக்கு' என்று கேளுங்கள். கீரைத்தண்டு வகை 'தோட்டகூர'. எள் 'நுவ்வுலு'. கேழ்வரகுக்கு 'ராகுலு' என்றால் போதும். காலையில் வண்டிகளில் விற்கும் 'ராகி ஜாவா' நம் ஊர்க் கேழ்வரகுக் கஞ்சிதான்.

நான் போட்ட கணக்கு இது. நாளைக்குப் பால் 300 மில்லி, தயிர் ஒரு கிண்ணம், கேழ்வரகு மாவு 50 கிராம், ஒரு கைப்பிடிக் கட்டு கீரை, இரண்டு தேக்கரண்டி எள்ளுப்பொடி. இவற்றைச் சேர்த்தாலே ஆயிரத்தை எட்டிவிடலாம். கீரைகளில் உள்ள ஆக்சாலிக் அமிலமும் தானியங்களில் உள்ள பைட்டேட்டும் கால்சியத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே கீரையை மட்டும் நம்பாமல், பால், தயிரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் பைட்டேட் குறையும். அசைவம் உண்பவர்களுக்கு, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி போன்ற சிறு மீன்கள் நல்லவை. எலும்பின் சட்டத்துக்குப் புரதமும் தேவை. எனவே பருப்பு, சுண்டல், முட்டை ஆகியவற்றையும் குறைக்கக் கூடாது.

உணவில் எட்டாத மீதிக்குத்தான் மாத்திரை. அட்டையில் 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று இருந்தால், அதில் உள்ள கால்சியம் 500 மட்டுமே. அதைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையோடும் தைராய்டு மாத்திரையோடும் சேர்த்துப் போடக் கூடாது. தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

எந்த வெயில்?

கால்சியத்தைக் குடலிலிருந்து உள்ளே எடுத்துச் செல்ல வைட்டமின் டி வேண்டும். அதைத் தோலில் உண்டாக்குவது வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாட்டில் அது எப்படிக் குறையும் என்று நானும் வியந்தேன். நமக்கு அருகிலுள்ள திருப்பதியில், டாக்டர் சி.வி.ஹரிநாராயணும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வுகளில், வயலில் உழைக்கும் கிராமத்தாரைவிட நகரவாசிகளிடம் வைட்டமின் டி மிகவும் குறைந்திருந்தது. கிராமத்தாரிலும் பலருக்குப் போதவில்லை.

காலை ஆறரை மணி இளவெயிலில் நடந்தால் போதும் என்று நாம் நினைக்கிறோம். நடைக்கு அது நல்லதே. ஆனால் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் அந்த நேரத்தில் மிகக் குறைவு. முற்பகல் பதினொன்றிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரையிலான வெயிலில்தான் அது நன்றாகக் கிடைக்கிறது. முகத்தோடு கைகால்களிலும் படும்படி கால் மணி அல்லது அரை மணி நேரம், வாரத்தில் சில நாட்கள் நிற்கலாம். கண்ணாடி ஜன்னலுக்குள் உட்கார்ந்தால் பயன் இல்லை. ஐதராபாத்தின் கோடையில் வயதானவர்கள் மயங்கி விழும் அளவுக்கு நிற்கவும் வேண்டாம். முடியாதவர்களுக்கு மருந்து இருக்கிறது.

அந்த மருந்தில் ஓர் எச்சரிக்கை. 60,000 யூனிட் பொட்டலத்தை வாரம் ஒன்று வீதம் சில வாரங்களுக்கு எழுதிக் கொடுப்பார்கள். அதைத் தினம் ஒன்று என்று தவறாக எடுத்து, இரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் கெட்டு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் உண்டு. என் மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமை என்று காலண்டரில் சிவப்பு மையால் குறித்து வைத்தேன்.

மருந்தும் காப்பியும்

உணவும் வெயிலும் அடித்தளம். எலும்புப்புரை உறுதியான பின், அதுவும் ஓர் எலும்பு முறிந்த பின், அவை மட்டும் போதா. அரிக்கும் அணுக்களின் வேகத்தைக் குறைக்க மருந்து தேவை. என் மனைவிக்குக் கொடுத்தது அலெண்ட்ரோனேட், 70 மில்லிகிராம், வாரம் ஒரு மாத்திரை. இது 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து.

இதைச் சாப்பிடும் முறைதான் முக்கியம். காலையில் வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அதன்பின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அந்த அரை மணி நேரம் வேறெதுவும், காப்பிகூட, சாப்பிடக் கூடாது. மருந்து உடம்பில் ஏறாது. "காப்பி இல்லாம அரை மணியா!" என்றாள் என் மனைவி. முப்பது ஆண்டுகளாக எனக்கு முதல் காப்பி போட்டுக் கொடுத்தவள் அவள். அன்று முதல் புதன்கிழமைகளில், அந்த அரை மணி முடிந்ததும், நான் காப்பி போட்டுக் கொடுக்கிறேன். டிகாக்ஷன் இன்னும் சரியாக இறங்குவதில்லை என்பது அவள் புகார்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியும் உண்டு. இந்த ஊசியைத் தள்ளிப்போடவோ, நாமாக நிறுத்தவோ கூடாது. நிறுத்தினால் எலும்பு வேகமாகக் கரைந்து, முதுகெலும்புகள் முறியக்கூடும். மிகக் கடுமையான நிலையில் புது எலும்பைக் கட்டத் தூண்டும் டெரிபாராடைடு ஊசி போடுவார்கள். பல் பிடுங்குவதாக இருந்தால் இந்த மருந்துகளைப் பற்றிப் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அரிதாகத் தாடை எலும்பு பாதிக்கப்படலாம். நீண்ட காலம் சாப்பிடுபவர்களுக்கு மிக அரிதாகத் தொடையெலும்பில் ஒரு வகை முறிவு வரலாம். எனவே தொடையில் புதிதாக வலி வந்தால் சொல்ல வேண்டும். மாத்திரையை ஐந்து ஆண்டுகள் கழித்து, தொடர்வதா நிறுத்துவதா என்று மருத்துவர் மறுபடியும் பார்த்து முடிவு செய்வார்.

விழாமல் இருப்பதே பாதி வைத்தியம்

எங்கள் வீட்டில் நான் செய்த மாற்றங்களைச் சொல்கிறேன். குளியலறையில் கழிப்பிடத்துக்கு அருகிலும் குழாய்க்கு அருகிலும் சுவரில் பிடிகம்பி பதித்தேன். வழவழப்பான டைல்ஸை எடுத்துவிட்டுச் சொரசொரப்பான தரை போட்டேன். படுக்கையிலிருந்து குளியலறை வரை இரவு விளக்கு வைத்தேன். தனியாக நகரும் மிதியடிகளை அகற்றினேன். இரவில் எழும்போது ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். கண்புரை இருந்தால் தள்ளிப்போடாமல் அறுவை செய்துகொள்ளுங்கள். தூக்க மாத்திரையும் சில இரத்த அழுத்த மாத்திரைகளும் தள்ளாட வைக்கும்; மருத்துவரிடம் கேளுங்கள்.

எலும்புக்குச் சுமை வேண்டும். தினசரி நடை, படி ஏறுதல், கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்குதல், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நிற்றல் ஆகியவை எளிய பயிற்சிகள். ஆனால் முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கியவர்கள் முன்னால் வளைந்து குனியக் கூடாது. குட்டை விளக்குமாற்றுக்குப் பதிலாக நீளக் கைப்பிடி உள்ளது வேண்டும். கேஸ் சிலிண்டரை நகர்த்தவே கூடாது. கோவிலில் கைகூப்பினால் போதும். விழுந்து வணங்காததற்குச் சாமி கோபித்துக்கொள்ளாது.

இடுப்பெலும்பு முறிவுதான் எல்லாவற்றிலும் கொடியது. அப்படி முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பது உலக அனுபவம். விழுந்தவர் எழ முடியாமல், ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால், நாட்டுக்கட்டுப் போட்டு வீட்டில் படுக்க வைக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இரண்டு நாட்களுக்குள் அறுவைச் சிகிச்சை செய்து, சீக்கிரம் எழுப்பி நடக்க வைத்தால் பிழைப்பும் நடையும் மீள வாய்ப்பு அதிகம்.

என் மனைவியின் முதுகெலும்பு எண் இப்போது மைனஸ் 2.7. நசுங்கிய கட்டை மறுபடியும் நிமிரவில்லை. இழந்த உயரமும் திரும்பவில்லை. ஆனால் 2019-க்குப் பிறகு வேறெந்த எலும்பும் முறியவில்லை. காப்பித்தூள் டப்பா கீழ்த்தட்டுக்கு வந்துவிட்டது. பெங்களூரில் இருக்கும் எங்கள் மகளுக்கு வயது 34. "அம்மாவுக்கு வந்தது உனக்கும் வரலாம், இப்போதே சேர்த்து வை" என்று சொல்லி, மாதந்தோறும் முளைகட்டிய கேழ்வரகு மாவு அனுப்புகிறோம். எலும்பின் முதலீடு ஏறத்தாழ முப்பது வயதுக்குள் முடிந்துவிடுகிறது. அதன்பின் காப்பாற்றுவதுதான் வேலை. ஆகவே பேரப்பிள்ளைகளின் பால் தம்ளரும் விளையாட்டும் கூட இந்தக் கட்டுரையின் பொருள்தான்.

அன்பர்களே, உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பை முறித்துக்கொண்டால், வழுக்கிய தரையைத் திட்டிவிட்டு நின்றுவிடாதீர்கள். கட்டுப் போடும் மருத்துவரிடம், "இவ்வளவு சிறிய விழுகைக்கு ஏன் முறிந்தது, டாக்டர்? எலும்பு அடர்த்தி பார்க்கலாமா?" என்று கேளுங்கள். 2017-இல் நான் கேட்கத் தவறிய கேள்வி அது. கேட்டிருந்தால் அந்தப் பக்கெட்டை நான் தூக்கியிருப்பேன்.